கேட்ட கேள்விக்கு மட்டும்

வாடகை ஒப்பந்தத்தை நகல் எடுப்பதற்காகப் போன வாரம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்ட மாலை. கடைக்காரர் மிஷினிலிருந்து வந்த தாளை அப்படியே என் கையில் வைத்தார். சுடச்சுட இருந்தது. அந்தக் கதகதப்பும், லேசாகக் கருகினாற்போல வரும் மை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் தாளைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் வரலாற்றுத் தேர்வுக்கு முன்னால் செய்வேனே, அதே மாதிரி. எனக்கு முப்பதை நெருங்குகிறது. கைக்கு மட்டும் இன்னும் பதினேழுதான் போலிருக்கிறது.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா மேடம்?" என்று மட்டும்தான் மிஷினைப் போடுமுன் கேட்டிருந்தார். "ரெண்டு பக்கம்" என்றேன். எத்தனை பிரதி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து குடையை மடக்கும்போதுதான் மூன்று வேண்டியிருந்தது நினைவுக்கு வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் இந்தப் புத்தி எனக்கு எங்கே ஒட்டியது என்று யோசித்தால், அது நேரே நெய்வேலியில் போய் நிற்கிறது.

எங்கள் பள்ளியில் மாதத் தேர்வுக் கேள்வித்தாள்களை அலுவலக அறை மிஷினில் அப்போதைக்கு அப்போது எடுத்துத் தருவார்கள். சூடு ஆறுமுன் கைக்கு வந்துவிடும். மார்கழிக் காலையில் அந்தத் தாளைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வோம். கேள்விகளைப் படிக்கும்வரைதான் அந்தச் சுகம்.

நெய்வேலி நகரியத்தில் வரலாற்றுப் பிரிவு எடுத்துப் படிப்பதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஊரே இன்ஜினியர்களுக்கும் ஆப்பரேட்டர்களுக்கும் என்று கட்டிய ஊர். வீதிகளைக்கூட பிளாக் என்று பிரித்து எண் போட்ட ஊர். அங்கே மேத்ஸ் எடுக்காத பிள்ளையைப் பார்த்தால் வீட்டில் ஏதோ துக்கம் நடந்தாற்போல விசாரிப்பார்கள். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மிஷினில் ஆப்பரேட்டர், பெர்மனென்ட். நான் வரலாறு என்றதும், "நான் தோண்டுதது பத்தாதுன்னு நீயும் தோண்டப் போறியாட்டி?" என்றார். அம்மா அதற்கும் சிரிக்கவில்லை.

எங்கள் வகுப்பு சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய கடைசி அறை. விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு பேர். மத்தியப் பாடத்திட்டம், எல்லாம் ஆங்கிலம். கேள்வித்தாளின் கடைசியில்தான் அந்தப் பகுதி வரும், சோர்ஸ் எனப்படும் ஆதாரப் பத்திக் கேள்விகள். பழைய காலத்து யாரோ எழுதிய ஒரு பத்தியைப் பெட்டிக்குள் போட்டிருப்பார்கள். ஒரு யாத்ரீகனின் குறிப்பாக இருக்கும், அல்லது ஓர் அதிகாரியின் அறிக்கை, அல்லது குடிகள் கொடுத்த மனு. அதன் கீழே மூன்று கேள்விகள், மொத்தம் ஏழு மார்க். மனப்பாடம் வேண்டாம். விடை பெட்டிக்குள்ளேயே கிடக்கும், எடுத்து எழுத வேண்டியதுதான். படிக்காமல் வந்தவர்களுக்கு அது கோயில் பிரசாதம் மாதிரி.

விமலா மிஸ் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவர் பள்ளியில் கான்ட்ராக்ட்தான், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், எங்கள் மார்க்கை வைத்துத்தான் புதுப்பிப்பார்கள். அதனால் மார்க் விஷயத்தில் அவர் விளையாடமாட்டார். "மொதல்ல கேள்வியப் படி. அப்புறமா பத்திக்குள்ள போ. கேள்வியில இருக்கிற வார்த்தை எங்க இருக்குன்னு தேடு. அதுக்கு முன்னாடி ஒரு வரி, பின்னாடி ஒரு வரி. எடு. வெளிய வந்துடு." திருடப் போகிறவர்களுக்கு வழி சொல்வது போலிருக்கும். "பத்தி முழுசையும் படிச்சிட்டு உக்காந்திருக்கிறவ பேப்பரை முடிக்கமாட்டா" என்பார். பிறகு சாக்பீஸை அழுத்தி போர்டில் எழுதுவார். கேட்டதுக்கு மட்டும் எழுது. பத்தியில் இல்லாதது இல்லை.

இப்போது நினைத்துப் பார்க்கையில் வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பெட்டிகளுக்குள் வந்த ஊர் எதுவும் உருப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. வரி கட்ட முடியாமல் ஏலம் போன ஊர், காட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களின் ஊர், தண்ணீர் வற்றி விட்டுப்போன ஊர். நன்றாக இருந்த ஊரைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதே இல்லை. நாங்கள் போவோம், வேண்டிய வரியை எடுப்போம், வெளியே வந்துவிடுவோம். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அந்த ஊரின் பெயர்கூட நினைவில் இருக்காது.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவள் கௌசல்யா. வளையமாதேவிக்கு இந்தப் பக்கம், சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர் அவளுக்கு. பஸ்ஸில் வருவாள். அவள் அப்பாவும் சித்தப்பாவும் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அதற்கு முந்தின தலைமுறை முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள், சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு கூரை வீடு. அந்த ஊரில் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷில் படிக்க வந்த முதல் பெண் அவள். ஆரம்பத்தில் அவள் பத்தியை முழுக்கப் படிப்பாள், உதடு அசைய அசைய. மணி அடித்துவிடும், கடைசிக் கேள்வி வெறுமனே நிற்கும். மிஸ் தலையில் குட்டிக் குட்டி மாற்றினார். அரையாண்டுக்குள் அவளை அடிக்க ஆளில்லை. கேள்வியைப் பார்ப்பாள், கொக்கு கொத்துவதுபோல் பத்தியில் ஒரு கொத்து. முடிந்தது. ஏழுக்கு ஏழு.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் ஊர்ப் பெயரைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பா ரசம் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அந்த ஊரா?"

"ஆமா. ஏன்ப்பா?"

"அடுத்தாப்புல அந்தப் பக்கந்தான் வருவோம்" என்றார்.

சுரங்கம் வரும் என்று சொல்லவில்லை. வருவோம் என்றார். சுரங்கத்து மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், எனக்கு அதுவரை அதில் ஒன்றும் உறைத்ததில்லை. அன்றுதான் உறைத்தது. எப்போது என்று கேட்டேன். அது மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்றார். கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாத, என்ன" என்று வேறு சொன்னார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? மறுநாளே சுற்றி வளைத்துக் கேட்டேன். கௌசல்யா சிரித்தாள். "நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து வருது வருதுன்னு சொல்லிகினு இருக்காங்கடி. எங்க வந்துச்சு? புலி வருது கததான்." நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கதையின் கடைசியில் புலி வரும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அரையாண்டு முடிந்ததும் விமலா மிஸ்ஸிடம் பயிற்சிக்குக் கொடுக்கப் பத்திகள் தீர்ந்துவிட்டன. புத்தகத்தில் இருந்ததையெல்லாம் நாங்கள் கரைத்துக் குடித்திருந்தோம். "ஆளுக்கொரு பத்தி எழுதிட்டு வாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச எடம். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் படிச்சா எப்படி இருக்குமோ அப்படி. கீழ மூணு கேள்வி. பக்கத்துல இருக்கிறவ பதில் எழுதட்டும்" என்றார். மாற்றி மாற்றிக் கேள்வி போட்டுக்கொள்ளும் இந்த வேலை எங்களுக்குப் பிடித்துப் போயிற்று. நான் எங்கள் பிளாக்கைப் பற்றி எழுதினேன். சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் உறங்கிய ஒரு விசித்திர இனம், கொடியில் காயும் துணியில் படிந்த சாம்பலை உதறிவிட்டு உடுத்தியவர்கள் என்று அளந்துவிட்டு, கடைசிக் கேள்வியாக, இம்மக்கள் ஏன் எண்களை வழிபட்டனர் என்று போட்டேன். பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர், டோக்கன் நம்பர் என்று கௌசல்யா அடுக்கி முழு மார்க் வாங்கினாள். என் எழுத்துப் பெருமையில் நான் அன்று கொஞ்சம் மிதந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அவள் எழுதிக் கொண்டுவந்தது ஒரு பக்கம் நிறைய இருந்தது. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் பெட்டி போட்டிருந்தாள். எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும் அவளுக்கு. அவள் வீட்டைப் பற்றி, அவள் தெருவைப் பற்றித்தான். ஆனால் வாக்கியமெல்லாம் இருந்தது, இருந்தார்கள் என்று இறந்தகாலத்தில் இருந்தன.

"ஏன்டி எல்லாத்தையும் செத்துப்போன மாதிரி எழுதியிருக்க? ஊரு அங்கதான இருக்கு? சாயந்தரம் அங்கதான போகப் போற?" என்றேன்.

"சோர்ஸுன்னா அப்பிடித்தான இருக்கும்? உசுரோட இருக்கற ஊர யாரு கேள்வியா கேக்கறாங்க?"

சாதாரணமாகத்தான் சொன்னாள், பென்சிலைச் சீவிக்கொண்டே.

அவள் கேட்ட மூன்று கேள்விகள் எனக்கு மறக்கவில்லை. இவ்வூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மதியம் சத்தம் கேட்டபோது மக்கள் என்ன செய்தனர்? அந்த வீட்டில் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன, எதைக்கொண்டு சொல்கிறாய்? மிஸ் சொன்ன வழியில் உள்ளே போனேன். கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டதால் கோயிலடிக் கைப்பம்பிலிருந்து. பாத்திரங்களைக் கையால் பிடித்துக்கொண்டனர். இரண்டு குடும்பங்கள், ஏனெனில் வாசல் ஒன்றானாலும் அடுப்புகள் இரண்டு எரிந்தன. எடுத்தேன், வெளியே வந்தேன். மிஸ் ஏழு போட்டு, பக்கத்தில் குட் என்றும் எழுதினார்.

அந்த இரண்டு அடுப்புகளைத் தையில்தான் கண்ணால் பார்த்தேன். பொதுத் தேர்வுக்கு முன்னால் படிப்பு விடுமுறை விட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை சேர்ந்து படிக்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். வயலெல்லாம் அறுப்பு. ஊரில் பெண்கள் யாரும் வீடு தங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அம்மா கிளம்பிவிட்டிருந்தார், சித்தி அமுதா அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். இடுப்பில் அவருடைய இரண்டு வயது மகள் யாழினி. சித்திக்கு அப்போது இப்போதைய என் வயதைவிடக் குறைவுதான் இருக்கும்.

வீட்டின் முன்னால் ஒரு வாசல். பின்னால் தாழ்வாரத்தில் இடது மூலையில் கௌசல்யா அம்மாவின் அடுப்பு, வலது மூலையில் சித்தியின் அடுப்பு. சித்தப்பாவுக்குக் கல்யாணமான அடுத்த ஆடியில் அடுப்பைப் பிரித்துவிட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை, அதுதான் அங்கே வழக்கம். சுவர் வைத்து வாசல் பிரிக்கக் காசு வேண்டும், அடுப்பு பிரிக்க மூன்று கல் போதும். அந்த ஊரில் உங்கள் வீட்டில் எத்தனை குடும்பம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை அடுப்பு என்பார்கள். கோயில் வரி பிரிப்பதுகூட அடுப்புக் கணக்கில்தான்.

கௌசல்யா என்னிடம் காட்டிச் சிரித்தாள். "எங்க சித்திக்கு ஒரு ஆசடி. அதுக்குன்னு ஒரு வாசல் வேணுமாம், கோலம் போட." வாசல் மூத்த மருமகளுடையது. மார்கழி முழுக்கக் கௌசல்யாவின் அம்மாதான் கோலம் போடுவார். சித்தி கோலமாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதோடு சரி.

"சிரிடி, சிரி" என்றார் சித்தி. "மைன்ஸ் வந்தா வரட்டும். மாத்து எடம் குடுக்கறப்ப எனக்குன்னு ஒரு மனை எழுதுவாங்க இல்ல? அப்பப் பாரு, வாச பூரா நானே போடுவேன்." மற்றவர்கள் பயந்துகொண்டிருந்த ஒன்றுக்காக அந்த வீட்டில் ஒருத்தி உள்ளூரக் காத்திருந்தாள். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. யாழினியை எங்களிடம் விட்டுவிட்டு அவர் வயலுக்குப் போனார்.

பத்து மணிவாக்கில் வீடுகளைக் கணக்கெடுக்க மைன்ஸ் ஜீப் வந்தது. இரண்டு பேர், இருவருமே இளைஞர்கள். ஒருவர் கையில் அட்டையில் செருகிய தாள், இன்னொருவர் கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா. புலி என்றால் பல்லும் நகமுமாக வரும் என்றுதானே நினைப்போம். இவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.

"வீட்ல பெரியவங்க இல்லியாம்மா?"

"அப்பா, சித்தப்பா ஷிஃப்டு. அம்மாலாம் அறுப்புக்குப் போயிருக்காங்க சார்."

"நீ படிக்கிறியா? என்ன கிளாஸ்?"

"ப்ளஸ் டூங்க சார்."

"அப்ப நீயே சொல்லு. வீடு யார் பேர்ல?"

"அப்பா பேர்லங்க சார்."

"தலவாசல் எத்தனை?"

"ஒண்ணுங்க சார்."

"மாடு?"

"இல்லீங்க சார்."

"மரம்?"

"பலா ஒண்ணு, முருங்க ஒண்ணுங்க சார்."

"சூப்பர். போன வீட்டுல ஒரு கேள்விக்கு ஊர்க் கதையெல்லாம் சொன்னாங்க. நீ கேட்டதுக்கு மட்டும் டக்கு டக்குன்னு சொல்ற" என்றார் தாள் வைத்திருந்தவர். கௌசல்யாவின் முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, என் சிநேகிதி அல்லவா. அடுப்பு இருந்த தாழ்வாரம் வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது. அவர் அதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. எத்தனை குடும்பங்கள், எதைக்கொண்டு சொல்கிறாய் என்ற கேள்வியை எழுதியவளும், அதற்கு முழு மார்க் வாங்கியவளும் அந்த வாசலில்தான் பக்கம்பக்கமாக நின்றுகொண்டிருந்தோம்.

பெயின்ட்காரர் கதவின் பக்கத்துச் சுவரில் ஒரு எண் எழுதினார். எண்ணின் வால் கொஞ்சம் வழிந்தது. ஜீப் போய்விட்டது. நாங்கள் திரும்பவும் புத்தகத்தைத் திறந்தோம்.

மதியம் கடந்து சித்தி வந்தார். தலையில் வைக்கோல் துரும்பு, காலெல்லாம் சேறு. தெருவில் வரும்போதே எல்லாச் சுவரிலும் எண்களைப் பார்த்திருக்க வேண்டும், முகம் முழுக்கச் சிரிப்பாக வந்தார். "வந்துட்டாங்களா!" என்று சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். முருங்கை மரப் பக்கமாக வெளியே வந்தார். மறுபடி ஒரு சுற்று. இந்தமுறை மெதுவாக, சுவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே. அவர் தன் எண்ணைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தபோது கையிலிருந்த புத்தகம் கனத்தது.

"கௌசி, எனக்கு எங்கடி போட்டாங்க?"

கௌசல்யா எழுந்து நின்றாள். "அவரு வாசல் எத்தனன்னுதான் சித்தி கேட்டாரு."

"அடுப்பையும் சொல்றதுதானேடி?"

"அத அவரு கேக்கல சித்தி."

சித்தி அவளை ஒருமுறை பார்த்தார். அரிவாளைக்கூடக் கீழே வைக்காமல் தெருக்கோடிவரை ஓடினார். கௌசல்யாவும் பின்னால் ஓடினாள். ஜீப் அடுத்த ஊருக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்களாம், திரும்பி வந்தார்கள். சித்தி தாழ்வாரத்துக்குப் போய்த் தன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. சுரங்கத்தில் பாறைக்கு வைக்கும் வெடி. எங்கள் குவார்ட்டர்ஸில் அது எங்கோ கதவைச் சாத்துவது போலத்தான் கேட்கும். இங்கே தரைக்கடியிலிருந்து வந்தது, உட்கார்ந்திருந்த என் எலும்பு வழியாக ஏறியது. அந்த வீட்டில் வெடி நேரத்துக்குக் கைகள் தானாகப் போய்ச் சொம்பையும் தம்ளரையும் பிடித்துக்கொள்ளும் என்று அவள் எழுதியிருந்தாள். அன்று யார் கையும் போகவில்லை. பலகையிலிருந்து ஒரு தம்ளர் விழுந்து உருண்டு, வாசல்படியில் முட்டி நின்றது. யாழினி அழ ஆரம்பித்தாள்.

அடுத்த வாரமே கௌசல்யாவின் அப்பா மனு எழுதிக் கொடுத்தார். எத்தனை வாசலோ அத்தனை எண், எத்தனை எண்ணோ அத்தனை மனை, பெயர் இல்லாதவர்களுக்கு இன்னொரு தடவை ஆள் வருவார்கள் என்று பதில் வந்தது. காத்திருந்தார்கள். ஆள் வரவில்லை. வந்தது மைன்ஸ்தான்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கௌசல்யாவுக்கு ஒரு கோளாறு வந்துவிட்டது. கேட்டதோடு நிறுத்தத் தெரியவில்லை. கடைசி மாதிரித் தேர்வில் ஒரு ராஜ தர்பாரைப் பற்றிய பத்தி வந்தது. ராஜா எங்கே உட்கார்ந்தார் என்ற கேள்விக்கு அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தரையைப் பெருக்கியது யார் என்று இதில் இல்லை. சமையல்காரர்களின் பெயர் இல்லை. அவர்கள் இரவு எங்கே படுத்தார்கள் என்று எழுதியவர் கவனிக்கவில்லை. மற்ற கேள்விகள் பாதிக்கு மேல் வெறுமனே நின்றன. விமலா மிஸ் தாளை அவள் முன்னால் போட்டார்.

"கேட்டதுக்கு எழுதுடின்னு எத்தனை வாட்டி சொல்றது? நல்லா இருந்தவளுக்கு என்னடி ஆச்சு?"

"கேக்கலன்னா சொல்லக் கூடாதா மிஸ்?"

மிஸ்ஸுக்கு நடந்தது எதுவும் தெரியாது. இருந்தாலும் அந்தக் குரல் அவரை ஏதோ செய்திருக்க வேண்டும். போர்டின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்திருந்த இடத்தையே மறுபடி அழித்தார். பொதுத் தேர்விலும் அவள் அப்படித்தான் எழுதினாள். எங்களில் வரலாற்றில் குறைந்த மார்க் அவளுக்குத்தான்.

நான் கல்லூரிக்கு வெளியூர் போனேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் போகிற வழியில் சுரங்கத்து மண்மேடு கொஞ்சம் கிட்டத்தில் தெரியும். ஒருநாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, வழக்கத்தைவிட அதிக நேரம் கை கால் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே, "ஏட்டி, அந்தப் பிள்ள வீட்டுல பலா மரம் நின்னுச்சோ?" என்றார். "ஆமாப்பா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கப் பயமாக இருந்தது.

மாற்றுக் குடியிருப்பில் அவர்களுக்கு ஒரு மனை, ஒரு வீடு, ஒரு வாசல். சிமென்ட் தரையில் மூன்று கல் வைக்க இடமில்லை. கேஸ் அடுப்பு ஒன்றுதான். சித்தி சில மாதம் கௌசல்யாவின் அம்மாவோடு ஒரே அடுப்பில் ஆக்கிப் பார்த்தார். பிறகு சித்தப்பா, யாழினியோடு திருப்பூர் போய்விட்டார்கள். பனியன் கம்பெனி, மாடியில் வரிசையாக அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு நடை. அங்கேயும் கோலம் போட வாசல் இல்லை. என் அப்பா ரிட்டையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது என் பழைய தாள்களையெல்லாம் அம்மா எடைக்குப் போட்டுவிட்டார். கௌசல்யாவின் வீட்டில் அவளுடையவை இடம் மாறும் அவசரத்தில் போயின. பள்ளியில் எங்கள் வகுப்பு இருந்த அறை இப்போது ஸ்டோர் ரூம் என்று கேள்வி. எடுக்கப் பிள்ளைகள் இல்லாமல் வரலாற்றுப் பிரிவையே மூடிவிட்டார்களாம்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த அன்று இரவு கௌசல்யாவுக்கு போன் செய்தேன். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்ட்டரில் இருக்கிறாள். வருகிறவர்களிடம் பெயர், வயது, ஊர், என்ன உபாதை என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில், "வேற எதுனா சொல்லணுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறாளாம். வரிசை வாசல்வரை நிற்கிறதாம். சூப்பர்வைசரிடம் தினமும் வசவு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு, "நல்ல நேரத்துல கூப்ட்டடி" என்றாள். "யாழினிக்கு ஸ்கூல்ல சொந்த ஊரப் பத்தி எழுதிகினு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, அப்ப சின்னக் கொழந்த. சித்திய கேட்டா அழுவுது. எனக்கு எழுத உக்காந்தா அந்தச் செவப்பு நம்பருதான் முன்னாடி வருது. அன்னிக்கு நான் ஒரு பத்தி எழுதுனன் பாரு, நீகூட பதில் எழுதுனியே. அதுல இன்னா இன்னா இருந்துச்சு?"

எனக்கு உற்சாகம் பொங்கியது. "ஞாபகம் இல்லாமலா! தண்ணி கோயிலடிக் கைப்பம்புலேர்ந்து. சத்தம் கேட்டா பாத்திரத்தப் பிடிச்சுக்குவாங்க. ஒரு வாசல், ரெண்டு அடுப்பு."

"ஆங். அப்புறம்?"

அப்புறம். பென்சில் பெட்டி தெரிந்தது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து தெரிந்தது. பக்கம் நிறைய வரிகள் இருந்ததும் தெரிந்தது. அவள் தெருவில் யார் யார் இருந்தார்கள், திருவிழாவுக்கு என்ன செய்தார்கள், பலா மரத்தடியில் யார் உட்கார்ந்தார்கள், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கும். நான் கேள்விகளை முதலில் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"அப்புறம் சொல்லுடி. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தனே?"

"நீ வேற எதுவும் கேக்கலியே கௌசி" என்றேன்.